பனி சுமப்பவர் தேவை

முதல் மாடித் திருப்பத்துக்கு வருவதற்குள்ளேயே முதுகு நனைந்துவிட்டது. வியர்வைதான் என்று ஜெசிந்தா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள், சித்திரை மாதச் சென்னையில் சும்மா நின்றாலே ஊற்றுகிறது, சுமையோடு படியேறினால் கேட்கவா வேண்டும், ஆனால் வியர்வை இப்படிச் சில்லென்று முதுகுத்தண்டில் கோடு பிடித்து இறங்காது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் இன்னும் இரண்டு படிக்கு வியர்வை என்றே வைத்துக்கொள்ளலாமே என்று நினைத்தாள். நெற்றியில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு முனையும் முதுகில் தொங்கும் பிளாஸ்டிக் கூடையில், கூடைக்குள் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் உறைய வைத்த கால் பார் ஐஸ், ஐஸுக்குள் ஒரு ஜோடி தோல் பூட்ஸ். இமயமலையில் சுமை தூக்குகிறவர்கள் இப்படித்தான் தூக்குகிறார்கள், பாரம் தோளில் இல்லை, நெற்றியில், கண்ணுக்குத் தன் கால் விரலும் அடுத்த படியும் தவிர வேறு எதுவும் தெரியாது, மலையைப் பார்க்கிற வேலை மற்றவர்களுக்கு. மண்ணடியில் ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கு இது, இப்போது கலைக்கூடம், வெள்ளை அடித்து, விளக்குப் போட்டு, லிப்ட் வைத்து எல்லாம் செய்துவிட்டார்கள், மிளகாய் நெடியை மட்டும் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் அது மூக்கின் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். ஒத்திகையில் இதை யாரும் யோசிக்கவில்லை. தும்மினால் தலை ஆடும், தலை ஆடினால் பட்டை நழுவும், பட்டை நழுவினால் ஐஸ் படியில் விழும், விழுந்தால் உடையும், உடைந்தால் மிங்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது. "அக்கா, மெதுவா. ஓடறது இல்ல," என்றாள் மிங்மா, பின்னால் இரண்டு படி தள்ளி வந்துகொண்டிருந்தவள். ஓடவேண்டாம் என்று சொல்கிறாள். ஜெசிந்தா தலையாட்டப் போனவள் பட்டை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் ஏறும் சத்தம் கேட்டது, உள்ளே யாரோ சிரித்தார்கள், விருந்தினர்கள் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போகிறார்கள், அங்கே அவர்களுக்கு இளநீர் வெட்டி வைத்திருக்கிறது.

விருந்தினர்கள் லிப்டில், ஐஸ் படியில், இதுதானே நீ போட்ட திட்டம், அப்புறம் லிப்ட் சத்தம் கேட்டு எரிச்சல்பட்டால் என்ன அர்த்தம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். எரிச்சலும் வரட்டும், அதுவும் வேலையில் சேர்த்திதான். முதல் மாடிச் சுவரில் கண்காட்சிக்காக அவளே வரைந்து அச்சடித்து ஒட்டிய விளம்பரம், தலையைத் தூக்க முடியாததால் அதன் கடைசி வரி மட்டும் தெரிந்தது, காலணி வழங்கப்படமாட்டாது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பனி சுமப்பவர் தேவை, ஆண்டு இரண்டாயிரத்து எண்பது. மலையில் பனி தீர்ந்துபோன காலம். ஆனால் பனியில் ஏறியே பழகிய கூட்டம் இருக்கிறதே, அது மட்டும் தீரவில்லை, அவர்களுக்கு வெறும் பாறையில் ஏறினால் ஏறியது மாதிரி இல்லையாம், ஆகவே கீழே சமவெளியில் ஐஸ் உறைய வைத்து ஆள் முதுகில் மேலே அனுப்புகிறார்கள், ஒரு சரிவு முழுக்கப் பரப்பி வைத்தால் விருந்தினர் வந்து அதன் மேல் நடந்து சிகரம் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார், அடுத்த விருந்தினருக்கு அடுத்த சுமை. இதை முதன்முதலில் சொன்னபோது கலைக்கூடப் பொறுப்பாளர் நிரஞ்சன் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, "இது நடந்தாலும் நடக்கும் ஜெசி," என்றார், அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. அம்மாவிடமும் தூத்துக்குடிக்குப் போன் போட்டுச் சொன்னாள். "ஏளா, ஐஸ் பாரத் தூக்கிட்டு நீ மாடிப்படி ஏறப் போறியா?" "ஆமா." "எல்லாரும் பாப்பாவளா?" "பாக்க மாட்டாங்க, மேல இருப்பாங்க. வந்து சேந்த பெறவுதான் பாப்பாங்க." "யாரும் பாக்காம எதுக்குளா தூக்குத? சிலுவப் பாதைன்னாலும் கோயில்ல நாலு பேரு கூட வருவாவ." அம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி, நிரஞ்சன்கூட அதைக் கேட்கவில்லை. அப்புறம் அம்மா, "சாக்கு சுத்திக்கோ," என்றாள், "உமி போட்டு." ஜெசிந்தா சிரித்தாள். சாக்கு சுற்றினால் ஐஸ் எப்படித் தெரியும், உள்ளே நிழலாட்டமாகத் தெரிகிற பூட்ஸ் எப்படித் தெரியும், கலை என்றால் தெரியவேண்டாமா.

தெரிந்தது என்னவோ கொஞ்சம்தான். ஐஸ் பாரின் நடுவில் எப்போதும் வெள்ளை கட்டிவிடும், காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றியும் கட்டிவிட்டது, உள்ளே இருப்பது பூட்ஸ் என்று சொன்னால்தான் பூட்ஸ், இல்லாவிட்டால் கறுப்பாக ஏதோ. பூட்ஸுக்குச் சொந்தக்காரர் பெம்பாவும் அவளுக்கு அப்படித்தான், சொன்னால்தான் தெரிகிற ஆள். சனிக்கிழமை பிறந்ததால் பெம்பா, அவர்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கிழமைதான் பெயர், மகள் செவ்வாய்க்கிழமை பிறந்ததால் மிங்மா. இமயமலையில் அவளைச் சிகரத்துக்கு அழைத்துப் போனவர் அவர், கயிறு கட்டினவர் அவர், அவளுடைய கூடாரத்தையும் அரிசியையும் அவளுடைய அவமானத்தையும், நடுவழியில் உட்கார்ந்து அழுதாளே, அதையும் சேர்த்துச் சுமந்தவர் அவர். உச்சியில் அவள் கேமராவை அவரிடம் நீட்டினாள், ஒண்ணு எடுத்துக் குடுங்களேன் பெம்பா பாய், அண்ணன் என்றே கூப்பிட்டு எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், அந்த மரியாதை இப்போது நினைத்தால் பல்லில் கல் மாதிரி இருக்கிறது. அவர் எடுத்தார். அவள் கை தூக்கி, அவள் கொடி பிடித்து, அவள் சிரித்து, அவள் கண் மூடி, விதவிதமாக எடுத்தார். மலை ஏறுகிறவர்களின் வழக்கம் அது, யாரும் தப்பு என்று நினைப்பதில்லை, எடுக்கிறவர் படத்தில் இருக்கமாட்டார். அடுத்த வருஷம் வேறு ஒரு குழுவுக்காகக் கயிறு கட்டப் போனபோது, கெட்டியாக இருக்கவேண்டிய பனி வெயிலில் இளகிக் கிடந்து, காலுக்கடியில் வாய் திறந்து, அவர் உள்ளே போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. மிங்மா எங்கேயோ ஜெசிந்தாவின் போன் எண்ணைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பினாள், அப்பாவோட போட்டோ இருக்குமா, மேலே நிற்கிற மாதிரி, ஒண்ணு போதும். ராத்திரி முழுக்கத் தேடினாள் ஜெசிந்தா. ஒரே ஒரு படத்தில் அவர் இருந்தார், நிழலாக, அவள் காலடிப் பனியில் நீளமாக, இரண்டு முழங்கையும் வெளியே தள்ளி கேமரா பிடித்திருக்கிற நிழல். அதைத்தான் அனுப்பினாள். அனுப்பிவிட்டு வெட்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். மிங்மா பதில் போட்டாள், இது அப்பாதான், கை இப்படித்தான் வைப்பார்.

இரண்டாவது மாடி. கழுத்து கழுத்தாக இல்லை, யாரோ செருகி வைத்த கட்டை. கைத்தடியைப் பின்னால் கொடுத்துக் கூடையின் அடியில் முட்டு வைத்து நின்றாள், அதுவும் அவர்கள் வழக்கம்தான், சுமையை இறக்காமலே இளைப்பாறுவது, இறக்கினால் திரும்பத் தூக்க ஆள் வேண்டும். தடியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. இவ்வளவு சொட்டக்கூடாது. "மிங்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மிங்மா கூடையைச் சுற்றிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. "சின்னதா ஆயிடுச்சு அக்கா. ஆனா உடையல." வேளச்சேரியில் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள் மிங்மா, தமிழ் அங்கே வாடிக்கையாளர்களிடம் கற்றது, ஆகவே எந்தக் கெட்ட செய்தியையும் முகத்துக்கு இதமாகத்தான் சொல்வாள். உடையாமல் போய்ச் சேரவேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம், இந்த நிமிஷத்தில் கலை வேண்டாம், கைதட்டல் வேண்டாம். அந்தப் பூட்ஸ் முகாமில் மிஞ்சியது. உயரே போகும்போது வேறு பூட்ஸ் மாட்டிக்கொண்டு இதைக் கூடாரத்தில் விட்டுப் போயிருக்கிறார், குழுக்காரர்கள் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார்கள், மிங்மாவின் அம்மா அதை வாசலுக்கு உள்ளே விடவில்லை. பனி எடுத்தது பனியே திருப்பிக் கொடுக்கட்டும், அது வரைக்கும் இவர் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். இறந்தவருக்கு ஏற்றுகிற நெய் விளக்கும் ஏற்றவில்லை, செய்யவேண்டிய சடங்கு ஒன்றும் செய்யவில்லை. பனி இப்போது திருப்பிக் கொடுக்கத்தான் கொடுக்கிறது, பத்து இருபது வருஷத்துக்கு முன்னால் போனவர்களையெல்லாம் அடிவாரத்தில் கொண்டுவந்து போடுகிறதாம், ஒவ்வொரு கோடையிலும் அந்த அம்மாள் போய் விசாரித்துவிட்டு வருகிறாள். இங்கே ஜெசிந்தா மலை உருகுகிறதே என்று கண்காட்சி வைக்கிறாள், அங்கே ஒருத்தி இன்னும் உருகவில்லையே என்று காத்திருக்கிறாள். யார் பக்கம் நிற்பது என்று இந்த வேலை தொடங்கியதிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பூட்ஸை உறைய வைக்கலாம் என்று சொன்னது மிங்மாதான். "அம்மாவுக்குத் தெரியும் அக்கா, இது நாடகம்னு. நான் மறைக்கல. ஆனா ஐஸ் ஒரு பொருள வெளிய குடுக்கறத அவங்க ஒரு தடவ கண்ணால பாக்கணும். படம் அனுப்பறேன்." அப்பாவுடையது என்று அவளிடம் வேறு எதுவும் இல்லை. அந்தப் பூட்ஸை ஒரு பாலிதீன் பையில் போட்டு மின்சார ரயிலில் கொண்டுவந்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள், கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடி ஏறும்போதுதான் அந்தச் சத்தம். பெரிய சத்தம் இல்லை, அப்பளம் உடைகிற மாதிரி முதுகுக்குள்ளிருந்து ஒரு சொடுக்கு. ஜெசிந்தா அப்படியே நின்றாள். மனம் எங்கெங்கோ போயிற்று, தூத்துக்குடியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனிக்குப் போயிற்று, பார் பாராக வழுக்கிக்கொண்டு வரும் ஐஸின் மேல் தண்ணீர் பட்டால் இதே சத்தம்தான் வரும், விரிசல், சூடும் குளிரும் சேருகிற இடத்தில் வருகிற விரிசல், மீன்காரர்கள் உடனே ஒரு சாக்கைத் தூக்கி மேலே எறிவார்கள். சாக்கு சுத்திக்கோ. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், ஐஸைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், தன் முதுகுச் சூட்டுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு விரல் கனப் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு மாடியேற வந்திருக்கிறாள், எதற்கு, நாலு பேர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று. தன் மேல் அவளுக்கு அசாத்தியக் கோபம் வந்தது. "இங்க ஒரு கோடு போயிருக்கு அக்கா," என்றாள் மிங்மா. குரல் மாறவில்லை. ஆனால் அவள் உள்ளங்கை கூடையின் மேல் வந்து படுவதை முதுகு உணர்ந்தது, இரண்டு கையாலும் விரிசலைச் சேர்த்துப் பிடித்திருக்கிறாள், பிடித்தால் நிற்கிற விஷயமா அது. கீழே போய்ச் சாக்கு தேட நேரம் இல்லை. ஜெசிந்தா கண்ணை மட்டும் உயர்த்தினாள், மூன்றாம் மாடி வாசல், அங்கே ஒரு துணிக்கடைப் பொம்மையின் மேல் அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த விருந்தினர் அங்கி, இரண்டாயிரத்து எண்பதில் மலையேறும் பணக்காரர் போடுவது, வெள்ளி நிறம், உள்ளே வாத்து இறகு திணித்தது. பக்கத்தில் சுமக்கிறவருக்கு ஒரு வெறும் கொக்கி, அதில் எதுவும் மாட்டவில்லை, அதுதான் அந்த மாடியின் கருத்து, முன்கூட்டியே வந்து பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் பாராட்டி எழுதிக்கூட இருக்கிறார். "மிங்மா, அந்தக் கோட்டைக் கழட்டு." "எந்தக் கோட்டு?" "அந்தப் பொம்மை மேல இருக்கறது. கழட்டி ஐஸ் மேல சுத்து. எனக்கும் ஐஸுக்கும் நடுவுல வர்ற மாதிரி." மிங்மா தயங்கினாள், அவள் அங்கியின் மதிப்பை யோசிக்கிறாள். "கோட்டு போட்டா சூடு ஆகாதா அக்கா?" "கோட்டுக்குச் சொந்தமா சூடு கிடையாது. உள்ள என்ன இருக்கோ அதக் காப்பாத்தும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இதையும் விளம்பரத்தில் எழுதியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது, தூத்தேறி, இந்த நேரத்திலுமா என்று அதை விரட்டினாள். பொம்மை சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. முதுகில் ஏதோ மெத்தென்று புகுந்தது, அங்கியின் கைகளைக் கூடையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள் மிங்மா, குளிர் சட்டென்று நின்றது, முதுகு தனியாக, ஐஸ் தனியாக. கண்காட்சி இன்றுதான் திறக்கிறது, மூன்றாம் மாடியில் இனி ஒரு வெறும் பொம்மை, ஒரு வெறும் கொக்கி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அதற்கப்புறம் படிகள் லேசாகவில்லை, ஆனால் மனம் ஒரு இடத்தில் உட்கார்ந்தது. ஒரு படி, ஒரு மூச்சு. சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது, அது நின்றதும் வேறு ஒரு சத்தம் கேட்டது, பல்லிடுக்கில் காற்று போகிற மெல்லிய விசில், எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அவள் வாயிலிருந்தேதான் வருகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பாரம் தலையில் இருந்தால் மூச்சு இப்படித்தான் வெளியே போகும் போலிருக்கிறது, மலையில் விடிகாலைகளில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு இந்த விசிலைக் கேட்டிருக்கிறாள், ஏதோ பறவை என்று நினைத்துப் புரண்டு படுத்திருக்கிறாள். "அப்பா மாதிரி ஊதறீங்க," என்றாள் மிங்மா. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்கு வரும்போது மொதல்ல அந்தச் சத்தம்தான் வரும். அப்புறம்தான் அப்பா." ஜெசிந்தா அடுத்த படியில் காலை வைத்தாள். அழுகை வந்தால் மூக்கு அடைக்கும், மூக்கு அடைத்தால் ஏறமுடியாது. மிளகாய் நெடி போய் வெயில் வாசனை வந்தது, காய்ந்த சுண்ணாம்பும் தார் ஷீட்டும் கலந்த மொட்டை மாடி வாசனை, வெளிச்சம் படிகளில் இறங்கி வந்து அவள் கால் விரலைத் தொட்டது.

மேலே நிரஞ்சன் ஓடி வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார், அங்கியைப் பார்த்ததும் அவர் வாய் திறந்து மூடியது, ஒன்றும் கேட்கவில்லை, அதற்காக அவரை ஜெசிந்தா ஆயுசுக்கும் மன்னிக்கத் தயார். கல் மேடையில் ஐஸை இறக்கினார்கள். விரிசல் குறுக்கே ஓடியிருந்தது, ஆனால் இரண்டாகவில்லை. அங்கியை உருவியதும் மேற்கு வெயில் ஐஸின் மேல் விழுந்தது, வந்தவர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள், பிறகு இளநீர்ப் பக்கம் போய் வேறு பேச்சுப் பேசினார்கள், உருகுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது லேசான வேலை இல்லை. ஜெசிந்தா கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்பினால் வலித்தது, ஆகவே நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து தரையில் ஓடி, ஓடும்போதே காய்ந்தது. கூட்டம் பாதியாகக் குறைந்த பிறகு, வெயில் மஞ்சளாகி இறங்கிய நேரத்தில், வெள்ளை கட்டியிருந்த இடம் கலங்கித் தெளிந்து முதலில் ஒரு பூட்ஸின் நுனி வந்தது, அப்புறம் அதன் கயிறு, கயிற்றின் முடிச்சு, முடிச்சு அவிழாமல் இருந்தது. யாரோ "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார்கள், எல்லாரும் இளநீரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள், நல்ல மாதிரிதான், முகத்தில் உண்மையான உருக்கம்கூட இருந்தது, எல்லாரையும் ஐஸைச் சுற்றி நிறுத்தினார், ஜெசிந்தாவைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார், பிறகு திரும்பிப் பார்த்து, ஓரமாக நின்ற மிங்மாவிடம் தன் போனை நீட்டினார். "நீ ஒண்ணு எடுத்துக் குடேன்ம்மா." எவ்வளவு மரியாதையான குரல். சொல்லவேண்டும், இவள் யார் தெரியுமா என்று சொல்லவேண்டும், வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள், அந்த அம்மாளின் குரல் அவளுடைய குரலேதான், உச்சியில் நின்று கேமராவை நீட்டிய அதே குரல்.

மிங்மா போனை வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு அடி பின்னால் போனாள், பார்த்தாள், "கொஞ்சம் பின்னாடி போங்க," என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். "இன்னும் கொஞ்சம்." போனார்கள். "இந்தப் பக்கம் இருக்கறவங்க அந்தப் பக்கம்." நகர்ந்தார்கள், யாருக்கோ சுவர் முட்டியது, யாரோ இன்னுமா என்றார்கள். ஜெசிந்தா மட்டும் ஐஸின் பக்கத்தில் நின்றாள். மிங்மா அவளைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும்," என்றாள். ஜெசிந்தா நகர்ந்தாள். கழுத்து வலியோடு, ஏதோ ஒரு பாரம் அப்போதுதான் முழுசாக இறங்கியதுபோல் நகர்ந்து போய்ச் சுவரோரம் மற்றவர்களோடு நின்றாள். அந்த அம்மாளின் போனை மிங்மா பத்திரமாகக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து தன் போனை எடுத்தாள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, இரண்டு முழங்கையையும் வெளியே தள்ளிப் பிடித்தாள். அவள் நிழல் நீளமாக விழுந்து ஐஸின் ஓரத்தைத் தொட்டது. பாதி பனிக்குள்ளும் பாதி வெளியேயும் இருந்த பூட்ஸையும் அந்த நிழலையும் தவிர அங்கே எதுவும் இல்லை. எடுத்தாள். அனுப்பினாள். படம் அம்மாவுக்குப் போயிற்று.

பதில் வர நேரமாயிற்று. அதற்குள் ஐஸ் இரண்டு கை அளவாகி, பூட்ஸ் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வெளியே வந்துவிட்டன, லிப்டில் கடைசி விருந்தினரும் இறங்கிப் போய்விட்டார். மிங்மாவின் போன் அடித்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தன் மொழியில் பேசினாள், பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம், ஜெசிந்தாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, வெறும் குரலை வைத்து ஏதாவது தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுப் பூட்ஸ் பக்கம் வந்தாள். "அம்மா என்ன சொன்னாங்க?" "திட்டறாங்க," என்றாள் மிங்மா. "வெயில்ல ஏன் வெச்சிருக்கேன்னு. தோல் வெடிச்சிடுமாம். நிழல்ல காய வெச்சு, நல்லாக் காஞ்சதும், வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க." அவள் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள், உள்ளே இருந்த தண்ணீர் காலடியில் கொட்டியது. ஜெசிந்தா இன்னொன்றை எடுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நடந்தார்கள்.